நோட்டுக்கு வெளியே போன கட்டுரைகள்: பள்ளி வலைப்பூவின் கதை



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் ஆசிரியை. வாலாஜாபாத் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. "டீச்சர், எங்க எட்டாங்கிளாஸ் பசங்க எழுதுறதைப் போட ஒரு வலைப்பூ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்க அப்பவே செஞ்சீங்களே. அது நல்லதா கெட்டதா, ஒரு வரியில சொல்லுங்க" என்றாள்.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவளிடம் ஒரு வரியில் பதில் கேட்டால் எங்கே போவது? "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன். யோசித்ததுதான் இந்தப் பதிவு. பெல் அடித்த பிறகும் வகுப்பை விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு பிள்ளை எழுதும் கட்டுரையை யார் படிக்கிறார்கள்?

நாம் படித்த காலத்திலும், நான் பாடம் நடத்திய காலத்திலும் பதில் ஒன்றுதான். டீச்சர் படிப்பார். சிவப்பு மையில் பிழை திருத்துவார், ஓரத்தில் ஒரு 'நன்று' போடுவார், கீழே தேதியோடு கையெழுத்துப் போடுவார். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். பத்து வருஷப் பள்ளிப் படிப்பில் ஒரு பிள்ளை எழுதிய எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒரே வாசகர். அவரும் மார்க் போடுவதற்காகப் படிப்பவர்.

இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் செலெஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டவர். வகுப்பில் நீண்ட நேரம் உரக்கப் பேச அவரால் முடியாது. தென் பிரான்ஸில் பார்-சுர்-லூப் என்ற சிற்றூர்ப் பள்ளியில் வேலை செய்தபோது, 1924-ல் ஒரு சிறிய அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகளைத் தெருவுக்கும் வயலுக்கும் அழைத்துப் போவார். திரும்பி வந்து அவர்கள் எழுதுவதை அவர்களே ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடுவார்கள். அந்தத் தாள்களை நாட்டின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்தும் தாள்கள் வரும். கடலோரப் பிள்ளைகள் எழுதியதை மலைப் பிள்ளைகள் படித்தார்கள். வலைப்பூ வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்த எண்ணம் வந்துவிட்டது. கருவிதான் வரவில்லை.

நம் நாட்டில் அச்சு இயந்திரத்துக்கு எங்கே போவது? நம்மிடம் கையெழுத்துப் பத்திரிகையும் சுவர்ப் பத்திரிகையும் இருந்தன. 1980-களில் பிள்ளைகளுக்கென்றே நல்ல இதழ்களும் வந்தன. போபாலில் ஏகலவ்யா அமைப்பு 1985-ல் 'சக்மக்' இதழைத் தொடங்கியது. நம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் 'துளிர்' கொண்டுவந்தது. நான் 1986-ல் வேலையில் சேர்ந்தேன். அப்போது நம் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் என்று பிரிந்தது 1997-ல்தான். சேர்ந்த சில வருஷங்களில் 'துளிர்' பார்த்து ஆசைப்பட்டு நானும் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தேன். முழு வெள்ளைத் தாள், ஸ்கெட்ச் பேனா, ஓரத்தில் பூக்கோலம். மாதம் ஒரு பிரதிதான். அதைக் கை மாற்றிப் படித்ததில் தாளின் மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இனி வலைப்பூவின் கதைக்கு வருகிறேன். 'வெப்லாக்' என்ற சொல்லை 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தன் இணையக் குறிப்பேட்டுக்குச் சூட்டினார். 1999-ல் அது சுருங்கி 'பிளாக்' ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிளாக்கர்' என்ற இலவசச் சேவை வந்தது. கணினி மொழி எதுவும் தெரியாதவரும் எழுதிப் பொத்தானை அழுத்தினால் உலகம் படிக்கலாம் என்ற நிலை உண்டானது. 2003 பிப்ரவரியில் கூகுள் அந்தச் சேவையை வாங்கியது.

தமிழுக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம். ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு பேசி முடித்தார்கள். யூனிகோடு பரவியபின் கட்டங்கள் மறைந்தன. 2003 முதல் தமிழ் வலைப்பூக்கள் முளைத்தன. 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியை உருவாக்கினார். யார் எங்கே புதிதாக எழுதினாலும் அங்கே வந்து பார்க்கலாம். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு முறைப்படி ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதற்குள் தமிழாசிரியர்கள், அறிவியல் ஆசிரியர்கள் என்று பலர் சொந்த வலைப்பூ வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015 அக்டோபர் 11-ல் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் நா. முத்துநிலவன். அவரும் தமிழாசிரியர்தான்.

இந்தக் காலத்தில் நம் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நம் வகுப்பு ஏன் எழுத ஆரம்பித்தது என்பது புரியும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பின்னாலேயே லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தாத்தாக்கள் நெல் விளைவித்தவர்கள், அக்கா அண்ணன்கள் ஷிப்ட் போகிறவர்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு காலம் இருந்தது. பாடப் புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சி இருக்கும், தொழிற்புரட்சி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த புரட்சி மட்டும் இருக்காது.

அதனால்தான் 2009-ல் அந்த வலைப்பூவைத் தொடங்கினோம். பள்ளிக்கு நன்கொடையாக வந்த கணினிகள் நான்கு. வேலை செய்தவை இரண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த கணினிப் பயிற்றுநர் தம்பிதான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். மின்வெட்டுக் காலம். கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துத்தான் கணினி வகுப்பு. நான் கொடுத்த வேலை இதுதான்: வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஊரைப் பற்றிக் கேள்வி கேள், எழுது, இரண்டு பேரிடம் விசாரித்துச் சரிபார், பிறகு தட்டச்சு செய்.

அதனால் என்ன நன்மை கண்டேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

ஒரு மாணவி தங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதினாள். தொழிற்சாலை கட்ட ஏரியைத் தூர்த்துவிட்டார்கள் என்று முடித்திருந்தாள். பத்து நாளில் குவைத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினார். நம் ஊர்க்காரர், அங்கே டிரைவர் வேலை. "பாப்பா, ஏரி அப்படியேதான் இருக்கு. வரத்துக் கால்வாயைத்தான் ரோடு போடும்போது அடைச்சுட்டாங்க. அதனாலதான் தண்ணி வரல. தாத்தாவைக் கூட்டிட்டுப் போய்ப் பாரு" என்று. அவள் தாத்தாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் சொன்னது சரி. கட்டுரையைத் திருத்தினாள். முன்பு என்ன எழுதியிருந்தேன், ஏன் மாற்றினேன், யார் சொல்லி மாற்றினேன் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டாள். வரலாறு என்பது சாட்சிகளை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் வேலை என்று நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதை அவளுக்குப் புரிய வைத்தவர் குவைத்தில் இருந்த டிரைவர்.

இரண்டாவது நன்மை, எழுத்து. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் ஒலி வைத்துத் தட்டச்சு செய்தோம். 'டபிள்யூ' தட்டினால் 'ந்', சின்ன 'என்' தட்டினால் 'ன்', பெரிய 'என்' தட்டினால் 'ண்', 'இசட்' தட்டினால் 'ழ்'. கையால் எழுதும்போது 'ன', 'ண' இரண்டையும் குழப்பி ஒரு சுழியை மழுப்பிவிடலாம். விசையில் மழுப்ப முடியாது. எது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். டீச்சர் மட்டும் படிக்கிறார் என்றால் பரவாயில்லை என்று விட்ட பிழைகளை, துபாய் மாமா படிப்பார் என்றதும் அவர்களே தேடித் திருத்தினார்கள்.

மூன்றாவது, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் எழுதினார்கள். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். தமிழ் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பேசவே மாட்டான். அவன் தன் ஊர் மழைக்காலத்தைப் பற்றித் தமிழில் எட்டு வரி எழுதினான். அதைப் படித்த பிறகு பிள்ளைகள் அவனிடம் அவன் ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். இடைவேளையில் அவனைச் சுற்றி நாலு பேர் நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இனி கெடுதல்கள். சின்னவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கணினி இருந்த பிள்ளை வாரம் இரண்டு கட்டுரை போடுவான். இல்லாத பிள்ளை இரண்டு கணினிக்கு முன்னால் வரிசையில் நிற்பாள். கரண்ட் போனால் அவள் முறையும் போய்விடும். எழுத்தில் ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வை நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அடுத்தது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர் வந்து, "இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது, காப்பி. ஆசிரியர்கள் நடத்திய வலைப்பூக்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி செய்தன. நகரத்து டியூஷனில் மட்டும் கிடைத்த மாதிரி வினாத்தாள் நம் பிள்ளைக்கும் கிடைத்தது. ஆனால் போகப்போக அவற்றில் பல, வினா வங்கியும் விடைக்குறிப்புமாக நிறைந்துபோயின. 2012-ல் நான் கொடுத்த ஒரு ஒப்படைப்பில் பதினேழு நோட்டில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தது. பதினேழு பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிழையைச் செய்த ஆசிரியர் யாரோ, அவருக்கு ஒரே நாளில் பதினேழு வாரிசு!

சிரித்தாயிற்றா? இனி வரப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாதது.

அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த ஒரு மாணவி தன் அக்காவின் வேலையைப் பற்றி எழுதினாள். விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ். அதற்கு முன்னால் அம்மா எழுந்து சோறு கட்டுவது. உட்காராமல் நின்றே செய்யும் வேலை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைனில் மாற்று ஆள் வரும்வரை காத்திருப்பது. வீட்டுக்கு வந்ததும் அக்கா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவது. ஒரு குற்றச்சாட்டும் இல்லை, கோபமும் இல்லை. பார்த்ததை எழுதியிருந்தாள். என் பணிக்காலத்தில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் அதுதான் மிகச் சிறந்தது. கூடவே அக்கா சீருடையில் நிற்கும் போட்டோவையும் கொண்டுவந்தாள். நான் பெருமையோடு போட்டோவைச் சேர்த்து, பெயரைச் சேர்த்து, அன்று சாயங்காலமே வெளியிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்காவை மேற்பார்வையாளர் அழைத்திருக்கிறார். கட்டுரையைத் தாளில் அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தாராம். "இது யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தபோது, மறுபடி வரச் சொல்லவில்லை. காரணம் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது இங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறிய உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஒன்று. பெயரை அன்றும் நான் எழுதவில்லை, இன்றும் எழுதப்போவதில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் நான் கணக்குக் கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

விஷயம் தெரிந்த அன்று இரவு, பிரௌசிங் சென்டர் மூடுவதற்குள் ஓடிப் போய் அந்தக் கட்டுரையை அழித்தேன். யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அவள் அழவில்லை. "நான் எழுதினது பொய்யா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் முழுக்க அவள் வேறு எதுவும் எழுதவில்லை. பரீட்சையில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள், அவ்வளவுதான்.

இரண்டு தவறு செய்திருக்கிறேன். யோசிக்காமல் போட்டது ஒன்று. கேட்காமல் அழித்தது இன்னொன்று. முதல் தவறில் அக்காவின் வேலை போனது. அடுத்த ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. இரண்டாவது தவறில் தங்கையின் எழுத்து போனது.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஃப்ரெனேயின் வாழ்க்கையை முழுதாகப் படித்தேன். முன்னால் சொன்ன அதே அச்சு இயந்திர ஆசிரியர். பிறகு அவர் சென்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே அவர் மாணவன் ஒருவன் தான் கண்ட கனவை எழுதினான். கனவில் அந்த ஊர் மேயர் கொல்லப்படுகிறார். வகுப்பில் அது ஒரு பிள்ளையின் கனவு, அவ்வளவுதான். 1932 கடைசியில் ஃப்ரெனேயைப் பிடிக்காதவர்கள் அந்தக் கட்டுரையைச் சுவரொட்டியாக அச்சடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். கலகம் மூண்டது. 1933-ல் அவர் அந்தப் பள்ளியை விட்டே போக வேண்டி வந்தது. 1935-ல் வான்ஸ் என்ற இடத்தில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சடித்த தாள், மேஜைமேல் வைத்த தாள். எண்பது வருஷ இடைவெளியில் அதே கதை.

வேறு இரண்டு பெண் குழந்தைகளின் கதையும் இதோடு சேரும். பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில், பெண்கள் பள்ளிக்குப் போகக்கூடாது என்று தாலிபான்கள் தடை போட்ட நேரம். 2009 ஜனவரியில் பதினொரு வயது மலாலா, பிபிசி உருது இணையதளத்தில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தாள். சொந்தப் பெயரில் எழுதவில்லை. 'குல் மகாய்' என்ற புனைபெயர். பெயரை மறைக்க வேண்டும் என்று பெரியவர்கள் அங்கே யோசித்தார்கள். ஆனாலும் பிறகு அவள் யார் என்பது வெளியே தெரிந்தது. 2012 அக்டோபர் 9-ல் பள்ளிப் பேருந்தில் அவளைச் சுட்டார்கள். பிழைத்து வந்து, 2014-ல் நம் கைலாஷ் சத்யார்த்தியோடு நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டாள். நான் 2009-ல் வகுப்பு வலைப்பூ தொடங்கியதும் அதே வருஷம்தான். புனைபெயர் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

இன்னொருத்தி ஸ்காட்லாந்துக்காரி, மார்த்தா பெய்ன். ஒன்பது வயது. 2012-ல் தன் பள்ளி மதிய உணவைத் தினமும் போட்டோ எடுத்து, ருசி எப்படி, எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று வலைப்பூவில் எழுதினாள். சத்துணவு வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இது நன்றாகப் புரியும். அந்த ஜூனில், பள்ளியில் போட்டோ எடுக்கக்கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் தடை போட்டது. நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பியதும், மறுநாளே தடையை விலக்கிக்கொண்டார்கள். அவள் வலைப்பூ வழியாக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் நன்கொடை திரண்டது. அந்தப் பணம் மலாவி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போனது.

இந்த மூன்று கதையிலும் ஒன்றை நான் பார்க்கிறேன். பிள்ளைக்கு வாசகர் கிடைப்பதுதான் வலைப்பூவின் நன்மை. அதே வாசகர்தான் அதன் ஆபத்தும். குவைத்து டிரைவர் வந்த அதே வாசல் வழியாகத்தான் அந்த மேற்பார்வையாளரும் வந்தார். ஒருவருக்குத் திறந்து ஒருவருக்குச் சாத்தும் கதவு அது இல்லை. அதனால் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 2011 செப்டம்பரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் கணினி கிடைத்த நேரத்தில், எழுதும் ஆசை முகநூல் பக்கம் போய்விட்டது. 2013-ல் நம் வகுப்பு வலைப்பூ நின்றது. நான் 2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. எல்லாம் போனுக்குள் போனது. 2018-ல் புதிய பாடப் புத்தகங்களில் கியூஆர் குறியீடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டியபோது பாடம் வாட்ஸ்அப்பில் நடந்தது. இவை எல்லாம் பிள்ளைக்குப் பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தன. பிள்ளை எழுதியதை எங்கோ ஒருவர் படித்துப் பதில் சொல்லும் இடம் மட்டும் குறைந்துபோனது.

2020-ல் வீட்டில் அடைந்து கிடந்தபோது நம் வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். கட்டுரைகள் இருக்கின்றன. போட்டோக்கள் பாதி இல்லை. வேறொரு இலவசத் தளத்தில் சேமித்திருந்தோம், அது மூடிப்போயிற்று. சரி, உள்ளே போய்ச் சரிசெய்யலாம் என்றால் கடவுச்சொல் எனக்கு நினைவில்லை. மீட்பதற்கு அது கேட்பது பயிற்றுநர் தம்பியின் பழைய செல் நம்பரை. ஆக, உங்கள் பதினைந்து வயது எழுத்து, உங்கள் பெயரோடு, ஊரோடு, இன்னும் அங்கே நிற்கிறது. என்னால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் உங்களில் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், அதை எடுத்துடுங்க" என்று கேட்டீர்கள். என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போன நோட்டுக்கும் ஒரு நன்மை இருந்தது. அது மறந்துவிடும்.

இப்போது சட்டமும் வந்துவிட்டது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது என்பது என் அனுபவம். அந்த அக்காவின் அம்மாவிடம் அன்று கையெழுத்துக் கேட்டிருந்தால், "டீச்சர் சொன்னா சரி" என்று உடனே போட்டிருப்பார்.

ஆகவே, வாலாஜாபாத் மகளே, நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆரம்பி. ஆனால் இந்த ஐந்தையும் செய்.

1. பிள்ளையின் முழுப்பெயர், வீட்டுப் போட்டோ, ஊர்த் தெரு எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு புனைபெயர் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதில் அவர்களுக்கும் குஷி.

2. கட்டுரையில் வேறொருவர் வந்தால், அக்காவோ தாத்தாவோ, அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கச் சொல். எழுதுகிறவர் மட்டுமல்ல, எழுதப்படுகிறவரும் நம் பொறுப்பு.

3. முதல் ஒரு பருவம் வகுப்புக்கும் பெற்றோருக்கும் மட்டும் திறந்து வை. பிறகு பக்கத்துப் பள்ளி ஒன்றோடு பரிமாறு. உலகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

4. எதையாவது எடுக்க வேண்டி வந்தால், எழுதிய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிவிட்டு எடு. எழுதியது பொய் இல்லை என்பதை நீயே முதலில் சொல். அவள் வந்து கேட்கும்படி வைக்காதே.

5. கடவுச்சொல்லை நோட்டில் எழுதித் தலைமையாசிரியரிடமும் கொடுத்து வை. வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வை. பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது, அவரவர் எழுத்து இணையத்தில் இருக்க வேண்டுமா எடுக்க வேண்டுமா என்று கேள்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் நான் ஒருவருக்கு போன் செய்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன் என்னிடம் அந்தக் கேள்வி கேட்ட பெண்தான். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நடந்ததை எழுதலாமா, உன் அக்காவிடமும் கேட்டுச் சொல்கிறாயா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "அக்கா சரின்னுட்டா. பேர் மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றாள்.

அவள் கையால் எழுதிய அந்தக் கட்டுரையின் மூலத்தாள் என் பீரோவில் இருக்கிறது. அழித்த மறுநாள் அவள் நோட்டிலிருந்து கேட்டு வாங்கி வைத்தது. அதைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணும் டீச்சர். என் பொண்ணு இப்ப படிக்கிற அளவுக்கு வளர்ந்துட்டா" என்றாள். வரும் ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2009-ல் நம் பள்ளியில் இருந்த கணினிப் பயிற்றுநர் தம்பி இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து என்னை அழைக்கச் சொல்லுங்கள். அந்தப் பழைய நம்பர் கிடைத்தால், உங்கள் பெயர்களை எடுத்துவிட்டு, கட்டுரைகளை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி தருகிறேன். சிவப்பு மை போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்